மீதி தூரம்

விற்றவன் அறுபது என்றான்.
ஜூனில், ஏரி அசையாமல் கிடந்த
ஒரு செவ்வாய்க்கிழமை
ஐம்பத்து மூன்று வரை போயிருக்கிறது, பொய் சொல்லக் கூடாது.
இன்று மைனஸ் பதினெட்டு.
முகப்புத் திரை கூசாமல் காட்டுகிறது:
இருபத்தேழு.

என் வீட்டிலிருந்து ஹெல்காவின் வீட்டுக்கு
நாற்பத்தொன்று.

கழித்துப் பார்க்கக் கணக்கு வாத்தியார் வேண்டாம்.
"அதற்குத்தானே இரண்டும் உள்ள வண்டி?" என்கிறார்
பக்கத்து வீட்டு ரெய்யோ, டீசல்காரர்.
ஆற்றில் ஒரு கால் சேற்றில் ஒரு கால் என்று
என் காருக்குப் பெயர் வைத்திருக்கிறார்.

அவருக்கு எங்கே தெரியும்,
ஞாயிறு மாலை புறப்பட்ட ஐந்தாம் நிமிடம்
தைமி பின் இருக்கையில் தூங்கிவிடுவாள் என்று.
மின்சாரத்தில் ஓடும்வரை
ஆணி வைத்த டயர்கள் பனியைக் கொறிக்கும் சத்தம் மட்டும்.
இஞ்சின் விழித்தால் அவளும் விழிப்பாள்.
விழித்தால் எதையாவது கேட்பாள்.

ஆகவே ஹீட்டரைத் தொடுவதில்லை
(தொட்டால் இஞ்சின் எழுந்துகொள்ளும்).
இருக்கைச் சூடு உண்டு, அவளுக்கு மட்டும்.
எனக்குக் கம்பளித் தொப்பி, இரண்டு ஜோடி கையுறை.
என் மூச்சே கண்ணாடியில் உறைய
நூலக அட்டையால் சுரண்டிக்கொண்டே ஓட்டுகிறேன்.
இறக்கங்களில் காலை எடுத்துவிடுவேன்,
சக்கரம் சம்பாதித்துத் தரும் அரை கிலோமீட்டருக்காக.
வட்டிக்கடைக்காரன்கூட இப்படி எண்ணமாட்டான்.

பாலத்தில் ஒன்பது.
மரம் அறுக்கும் ஆலையைத் தாண்டும்போது நான்கு.
பேருந்து நிற்காத நிறுத்தத்தருகே
எண் போய் மூன்று கோடுகள்.

தொண்டையைச் செருமிக்கொண்டு
இஞ்சின் எழுந்தது, கூப்பிடாத விருந்தாளி.
கண்ணாடியில் பார்த்தேன்.
கண்ணைத் திறக்காமலே சொன்னாள்:
"இந்தச் சத்தம் வந்தா
பாதிக்கு மேல வந்தாச்சுன்னு தெரியும்ப்பா.
எழுந்து பார்க்க வேண்டாம்."

எத்தனை ஞாயிறுகளாக விழித்தே கிடந்தாளோ.
ஹீட்டரைப் போட்டேன்.
விரல்கள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன,
வலியோடு.

ஹெல்காவின் குடியிருப்பில் பதினான்காம் எண் கம்பம்.
அதில் ஒரு சாவித்துளை, ஒரு சாக்கெட்,
ஒரு கடிகாரம். இரண்டு மணி நேரம்தான் தரும்,
கெஞ்சினாலும் அதற்கு மேல் தராது.
காரை இலையுதிர் காலத்திலேயே விற்றுவிட்டாள்.
மாத வாடகை கட்டி அந்த இடத்தை
ஏன் இன்னும் வைத்திருக்கிறாள் என்று நான் கேட்டதில்லை.
சாவியை அவள் மாடியிலிருந்து போட,
பனியில் தேடி எடுத்தேன்.

மேலே சூப் இருந்தது.
தைமியின் ஸ்கேட் சிறிதாகிவிட்டதைப் பற்றிப் பேசினோம்,
பல் மருத்துவர் தேதியைப் பற்றி,
பிறகு ரொட்டியைப் பற்றி,
ரொட்டியைப் பற்றிப் பேச இவ்வளவு இருக்கிறது.
கீழே கடிகாரம் நின்ற சத்தம்
மூன்றாம் மாடிக்குக் கேட்க வாய்ப்பில்லை.
இருவருக்கும் கேட்டது.

"எத்தனை ஏறியிருக்கும்?"
"பதினேழு."
"போதுமா?"
"மீதிக்குப் பெட்ரோல் இருக்கு."

குளிரில் கேபிள் விறைத்துக் கம்பியாய் நின்றது, சுருள மறுத்தது.
பின் இருக்கையில், அவள் இடத்தில்,
அப்படியே நீட்டி வைத்தேன்.
தூங்குபவர் யாருமில்லை.
முதல் வளைவிலேயே ஹீட்டரைப் போட்டு
சேமிப்புப் பொத்தானை அழுத்தினேன்.
இஞ்சின் இரைந்துகொண்டே வந்தது.
ஆலைக்கும் பாலத்துக்கும் நடுவில் எங்கோ
கேபிள் தளர்ந்து இருக்கையிலிருந்து சரிந்தது.

வீட்டு வாசலில் திரையைப் பார்த்தேன்:
பதினாறு.
ஒன்று எங்கே போனதென்று தெரியவில்லை.
இரவு முழுக்க
வண்டியைச் சுவரில் மாட்டாமல் விட்டேன்.